கலவா உயிர்களின் கலப்பு

உயிர்கள் ஆற்றும் தொழில்களுள் உண்ணுதல் ஒன்று. இனம் பெருக்கும் பொருட்டுக் கூடுதல் மற்றொன்று. உண்ணும்போது ஓர் உயிர் வாழப் பிறிதோர் உயிர் அழிகின்றது. கூடும்போது ஈருயிர் சேர்ந்து புதிய தலைமுறையைத் தோற்றுவிக்கின்றன. நோக்கத்தாலும் பயனாலும் இவை வெவ்வேறானவை. ஆனால், காட்டுத் தரையிலே உதிர்ந்த இலைகள் மக்கிக் கிடக்கும் மண்ணிலே ஒருவகைச் சிற்றுயிர் வாழ்கின்றது. அதன் உடல் முழுவதும் ஒரே கலம். அது தன்னை ஒத்த மற்றொன்றைத் தொடும்போது மூன்று வழிகளுள் ஒன்றை மேற்கொள்கின்றது: அதனோடு பக்கம் சேர்ந்து நிற்கின்றது, அல்லது அதனோடு உடலும் உடலும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றது, அல்லது அதனை விழுங்கிவிடுகின்றது. கண்ணில்லை, செவியில்லை, மூளையும் இல்லை. ஆயினும் யாரோடு சேர்வது, யாரோடு கலப்பது, யாரை உண்பது என்பதை அது அறிந்தே செய்கின்றது. இவ்வறிவு அதற்கு எவ்வாறு வாய்த்தது என்னும் வினாவுக்கு விடை தேடிய வரலாறு, அறிவியலின் வளர்ச்சி எத்தன்மையது என்பதற்கே நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இச்சிற்றுயிர்களைச் சளிப்பூஞ்சணங்கள் என அழைப்பர். பூஞ்சணம் என்னும் சொல் பெயரில் இருப்பினும் இவை உண்மையான பூஞ்சணங்கள் அல்ல. பூஞ்சணங்களைப் போல வித்திகளைத் தாங்கி நிற்கும் சிறு தண்டுகளை இவை எழுப்புவதால், முற்காலத்து அறிஞர் இவற்றையும் அக்குலத்தினுள்ளே அடக்கினர். சளிப்பூஞ்சணங்களுள் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவிலே, எண்ணிறந்த கருக்கள் ஒரே கூழ்மத் திரளில் மிதக்க, அத்திரள் மரக்கட்டைகளின் மீது மெல்ல ஊர்ந்து செல்லும். மற்றைப் பிரிவிலே, தனித்தனி அமீபாக்கள் மண்ணிலே பற்றீரியாக்களை உண்டு பெருகி, உணவு தீர்ந்தபோது ஒன்றுகூடும். ஈண்டு பேசப்படுவது இவ்விரண்டாம் பிரிவின் வரலாறாகும்.

1869 ஆம் ஆண்டிலே யேர்மனிய அறிஞர் ஒஸ்கார் பிரெவெல்ட் குதிரைச் சாணத்திலே வளர்ந்திருந்த நுண்ணுயிர்களை ஆராய்ந்து வந்தார். அங்கே மெல்லிய தண்டும் அதன் உச்சியிலே வித்தித் துளியும் கொண்ட புதியதோர் உயிரைக் கண்டார். தண்டின் உட்புறம் வலைப்பின்னல் போலத் தோன்றியமையால், வலைத்தூண் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு டிக்டியோஸ்டீலியம் என்று பெயரிட்டார். வித்திகளிலிருந்து அமீபாக்கள் வெளிப்படுவதையும், அவை பெருகிப் பின்னர் ஓரிடத்தே திரள்வதையும் அவர் கண்டார். அக்காலத்தில் நன்கு அறியப்பட்டிருந்தவை முதற்பிரிவுச் சளிப்பூஞ்சணங்களே. ஆகையால், இவ்வமீபாக்களும் திரண்டவுடன் தம் எல்லை அழிந்து ஒரே கூழாகக் கலந்துவிடுகின்றன என்று அவர் கருதினார்.

பதினோர் ஆண்டுகள் சென்றபின், 1880 இல், பிரான்சு நாட்டுத் தாவரவியலறிஞர் பிலிப் வான் டீகெம் இக்கருத்தை மறுத்தார். அமீபாக்கள் திரள்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை கலப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் எல்லையையும் தன் கருவையும் காத்துக்கொண்டே அயலதனோடு ஒட்டி நிற்கின்றது என்று அவர் காட்டினார். இவ்வியல்பு பற்றியே இக்குழுவுக்கு அவர் வைத்த பெயர், கலவாதவை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பிரெவெல்டும் பிடிவாதம் கொண்டவர் அல்லர். 1884 இல் அவர் மற்றோர் இனத்தை ஆராய்ந்து, முன்னர்த் தாம் கொண்ட கருத்தைத் திருத்திக்கொண்டார். அன்று தொட்டு, இவ்வமீபாக்கள் கூடும் ஆனால் கலவா என்பது இத்துறையின் அடிப்படை உண்மையாயிற்று. பெயரிலேயே பொறிக்கப்பட்ட அவ்வுண்மை, பாதி உண்மையே என்று தெளிவாவதற்கு மேலும் தொண்ணூறு ஆண்டுகள் கடக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில், கலங்கள் ஒன்றையொன்று விழுங்கும் செயல் வேறோரிடத்தில் அறிஞரின் கவனத்தை ஈர்த்தது. 1882 இல், ரூசியாவைச் சேர்ந்த இலியா மெச்னிக்கோவ் என்பவர் இத்தாலியின் மெசீனா நகரிலே கடற்கரையோரம் தங்கி ஆராய்ந்து வந்தார். உடலினுள்ளே நிகழ்வதை வெளியிலிருந்து காணத்தக்க அளவு தெளிவான உடல் கொண்டவை உடுமீன் குடம்பிகள். அவற்றினுள்ளே ரோசா முட்களை அவர் செருகி வைத்தார். மறுநாட் காலையில், அலைந்து திரியும் கலங்கள் அம்முட்களைச் சூழ்ந்து மொய்த்து நின்றன. உடலுக்குப் புறம்பான பொருளைச் சில கலங்கள் சூழ்ந்து விழுங்கி உடலைக் காக்கின்றன என்னும் கொள்கை இதிலிருந்து எழுந்தது. அக்கலங்களே தின்குழியங்கள். 1908 இல் மெச்னிக்கோவ் நோபல் பரிசு பெற்றார். ஓர் அமீபா உணவு கொள்ளும் முறையும், மனிதக் குருதியின் வெண்கலம் நோய்க்கிருமியை அழிக்கும் முறையும் ஒரே செயலின் இருவேறு பயன்கள் என்பது இதனால் விளங்கிற்று. அச்செயலுக்கு மூன்றாவது பயன் ஒன்றும் உண்டு என்பது அக்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

1933 ஆம் ஆண்டு இத்துறைக்குத் திருப்புமுனையாக அமைந்தது. அமெரிக்க அறிஞர் கெனத் ரேப்பர், வட கரோலினா மாநிலத்து மலைக்காடொன்றிலே மக்கிய இலைகளிலிருந்து புதியதோர் இனத்தைப் பிரித்தெடுத்தார். அதன் தண்டின் அடியில் வட்டமான தட்டொன்று இருந்தமையால், 1935 இல் அதற்கு டிக்டியோஸ்டீலியம் டிஸ்கொய்டியம் எனப் பெயர் சூட்டினார். பின்னாளில் பெனிசிலின் மருந்தைப் பெருமளவில் ஆக்கும் முயற்சியில் முன்னின்று உழைத்தவரும் இவரே. வட கரோலினாவிலிருந்து பெற்ற அக்குலவழிக்கு என்.சி.-4 என்னும் அடையாளம் இடப்பட்டது. ஆராய்ச்சிச்சாலையில் எளிதாக வளர்ந்தமையால் அது நாடு விட்டு நாடு சென்றது. உலகிலுள்ள ஆராய்ச்சிச்சாலைகள் பெரும்பாலானவற்றில் வளர்க்கப்பட்டவை அதன் வழித்தோன்றல்களே. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஒருவர் கண்டதை மற்றவர் தம் இடத்திலிருந்தே சரிபார்க்க முடிந்தது. இதனால் மறைந்துபோன உண்மை ஒன்றும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

இவ்வினத்தின் வாழ்க்கை விந்தையானது. ஒவ்வோர் அமீபாவும் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவினது. பற்றீரியாக்கள் உள்ளவரை அவை தனித்தனியே உண்டு இரண்டு இரண்டாகப் பிரிந்து பெருகும். உணவு தீர்ந்தபின் பல்லாயிரம் அமீபாக்கள் ஓரிடத்தை நாடித் திரள்கின்றன. திரண்ட கூட்டம் சிறு நத்தை போல ஒளியை நோக்கி ஊர்ந்து, பின் நிமிர்ந்து தண்டாகவும் வித்தித் துளியாகவும் உருமாறுகின்றது. தண்டாக அமைபவை இறந்துவிடுகின்றன. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு மாய, எஞ்சியவை வித்திகளாகி வாழ்கின்றன. இத்தனையும் நிகழும்போது எந்த அமீபாவும் மற்றொன்றோடு கலப்பதில்லை. வான் டீகெம் கூறியது இவ்வகையிலே முற்றிலும் சரியானதே.

திரளும் அமீபாக்களை அழைப்பது எது? 1947 இல் அமெரிக்க அறிஞர் ஜோன் ரைலர் பொனர் இதனை எளியதோர் ஆய்வினால் காட்டினார். திரண்டு நிற்கும் கூட்டமொன்றின்மீது நீர் மெல்ல ஓடுமாறு செய்தார். நீரோட்டத்தின் கீழ்ப்புறத்தில் இருந்த அமீபாக்கள் கூட்டத்தை நோக்கி விரைந்தன. மேற்புறத்தில் இருந்தவையோ வழி அறியாது நின்றன. ஆகவே, கூட்டத்திலிருந்து நீரிலே கரைந்து வரும் பொருளொன்றே அழைப்பாக உள்ளது என்பது தெளிவாயிற்று. அப்பொருளுக்கு அவர் அக்ராசின் என்று பெயரிட்டார். கலவாதவை என்னும் பழைய பெயரையும், ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சரின் காவியத்திலே ஆடவரை மயக்கித் தன்பால் இழுக்கும் அக்ராசியா என்னும் மாயக்காரியையும் அப்பெயர் ஒருங்கே நினைவூட்டியது. டிக்டியோஸ்டீலியம் டிஸ்கொய்டியத்தின் அக்ராசின் சைக்கிளிக் ஏ.எம்.பி. என்னும் பொருளே என்பது 1967 இல் அறியப்பட்டது. விலங்குகளின் ஈரலிலே ஓமோன்களின் செய்தியைக் கலத்தினுள்ளே கொண்டு செல்வது இப்பொருளே எனக் கண்டவர் ஏர்ல் சதர்லண்ட். அவர் 1971 இல் நோபல் பரிசு பெற்றார். மனித உடலின் உள்ளே தூதாகச் செல்லும் பொருள், மண்ணிலே வாழும் அமீபாக்களிடையே வெளியே நின்று கூவி அழைக்கும் குரலாக விளங்குகின்றது.

இவ்வளவும் அறிந்தபின்னரும் ஒரு வினா எஞ்சி நின்றது. இவ்வுயிர்களிடையே பாலினக் கூடல் உண்டா? 1952 இல் வில்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், திரளும் வேளையில் அமீபாக்கள் இரண்டிரண்டாக இணைகின்றன என்று எழுதினார். அக்கூற்றுப் பிறரால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பெரும்பாலோர் இவ்வமீபாக்களைப் பாலில்லாதன என்றே எண்ணினர். அதே பத்தாண்டுகளில், ரேப்பரின் கண்ணுக்கு வேறொரு பொருள் தென்பட்டுக்கொண்டிருந்தது. நீர் மிகுந்து ஒளி குன்றிய வளர்ப்புக்களிலே, சில குலவழிகள் தண்டும் வித்தியும் ஆக்காமல், தடித்த சுவர் சூழ்ந்த உருண்டைகளை ஆக்கின. இவற்றைப் பெருஞ்சிறைப்பைகள் என்று கூறலாம். 1957 இல் பிளாஸ்கோவிக்சும் ரேப்பரும் சேர்ந்து அவற்றை விரிவாக விளக்கி எழுதினர். ஆயினும் அவை உயிரின் வாழ்க்கையில் எவ்விடத்துக்கு உரியன என்பது அப்போது புலனாகவில்லை. தண்டையும் வித்தியையும் ஆராய்வதிலேயே பலர் மூழ்கியிருந்தனர். பெருஞ்சிறைப்பை ஒதுக்குப்புறத்து வியப்பாகவே இருந்துவந்தது.

திரையை விலக்கிய கருவி இலத்திரன் நுணுக்குக்காட்டியாகும். 1972 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலோசாவும் டெங்லரும் டிக்டியோஸ்டீலியம் மியூக்கரொய்டிஸ் என்னும் இனத்தின் சிறைப்பைகளை மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்தனர். குதிரைச் சாணத்திலே பிரெவெல்ட் கண்ட இனம் இதுவே. ஒவ்வொரு சிறைப்பையின் நடுவிலும் மற்றவற்றினும் பெரிதான கலமொன்று இருந்தது. அது தன்னைச் சூழ்ந்த அமீபாக்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. விழுங்கப்பட்டவை அதன் வயிற்றறைகளிலே முழு உருவோடு சிலகாலம் தங்கிப் பின் செரித்துப்போயின. மெச்னிக்கோவ் கண்ட அச்செயலே இங்கும் நிகழ்ந்தது. ஆனால் உண்ணப்பட்டவை பற்றீரியாக்கள் அல்ல, முட்களும் அல்ல, ஒரே கூட்டத்துள் வந்து சேர்ந்த உறவுக் கலங்களே அவை.

நடுவிலே அமர்ந்து உண்ணும் அப்பெருங்கலம் யாது? விடை அடுத்த ஆண்டே கிடைத்தது. 1973 இல் அமெரிக்காவிலே இரு குழுவினர் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். கிளாக், பிரான்சிஸ், ஐசன்பேக் என்போர் ஒரு குழுவினர். விசுக்கொன்சின் பல்கலைக்கழகத்திலே ரேப்பரோடு சேர்ந்து உழைத்த ஏர்டோசும் வோகனும் மற்றைக் குழுவினர். வெவ்வேறிடங்களில் எடுக்கப்பட்ட குலவழிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இருளில் வளர்த்துப் பார்த்தனர். தனித்து வளர்த்தபோது சிறைப்பையே ஆக்காத குலவழி, தக்க துணையோடு சேர்த்தபோது ஏராளமாக ஆக்கிற்று. வட கரோலினாவின் என்.சி.-4, வி-12 என்னும் வேறொரு குலவழியோடு சேர்ந்தபோது சிறைப்பைகள் நிறைந்தன. இணையும் வகைகள் இவ்வினத்திலே உண்டு என்பதும், பெருஞ்சிறைப்பை கூடலின் விளைவு என்பதும் இவ்வாறு வெளிப்பட்டன. இரு வகையைச் சேர்ந்த அமீபாக்கள் கலந்து, கருவும் கருவும் ஒன்றி, நுகம் பிறக்கின்றது. நடுவிலிருந்த பெருங்கலம் அந்நுகமே.

நாற்பது ஆண்டுகளாக இவ்வுண்மை மறைந்திருந்தமைக்குக் காரணம் இப்போது விளங்கும். என்.சி.-4 முழுவதும் ஒரே வகையைச் சேர்ந்தது. அதன் வழித்தோன்றல்கள் எத்தனை கோடியாகப் பெருகினும், எத்தனை நாடுகளிலே வளர்க்கப்படினும், அவற்றுக்குத் துணை கிடைக்க வழியில்லை. ஒரே குலத்தைப் பிரித்தெடுத்துத் தூய்மை கெடாமல் பேணியதே, அக்குலத்தின் வாழ்க்கையில் ஒரு பாதியைக் காணாமற் செய்துவிட்டது. உயிர் மறைத்ததொன்றுமில்லை, வளர்த்த முறை மறைத்தது. பெயரினால் கலவாதவை எனப்பட்டவை, தமக்கு உரிய துணையைக் கண்டபோது கலந்தன.

1974 இல் மக்கின்னசும் பிரான்சிசும் மியூக்கரொய்டிஸ் இனத்திலே ஒடுக்கற்பிரிவு நிகழ்வதற்குச் சான்று காட்டினர். ஒடுக்கற்பிரிவாவது, இரு பெற்றோரிடமிருந்து வந்த நிறமூர்த்தங்கள் கலந்து பகுந்து மீண்டும் பாதித் தொகையாகும் நிகழ்ச்சி. கூடல் உண்மையானது என்பதற்கு அதுவே முத்திரை. டிஸ்கொய்டியம் இனத்தின் சிறைப்பைகளிலும் பெற்றோரின் இயல்புகள் கலந்து சந்ததிக்குச் செல்கின்றன என்பதை 1979 இல் வாலசும் ரேப்பரும் நிறுவினர். சிறைப்பைகள் முளைப்பதற்கு வாரங்களோ திங்களோ காத்திருத்தல் வேண்டும். ஆராய்ச்சிச்சாலையில் அவற்றுட் பல முளைப்பதேயில்லை. அதனால் இப்பகுதி மெதுவாகவே வளர்ந்தது.

இனி, நுகம் தோன்றியபின் நிகழ்வதை நோக்குவோம். ரொறன்ரோவைச் சேர்ந்த டான்டன் ஓடே என்னும் அறிஞர் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நுகமாகிய பெருங்கலம் சைக்கிளிக் ஏ.எம்.பி.யையே அழைப்பாக வெளியிட்டு அமீபாக்களைத் தன்பால் இழுக்கின்றது என்பதை 1979 இல் அவர் எடுத்துக்காட்டினார். பஞ்சம் வந்தபோது ஒன்றுகூடித் தண்டெழுப்புவதற்கு அமீபாக்கள் எந்த அழைப்பைப் பின்பற்றுகின்றனவோ, அதே அழைப்பே இங்கும் ஒலிக்கின்றது. வந்து சூழ்ந்த அமீபாக்கள் கூட்டத்தைச் சுற்றிச் செலுலோசாலான சுவரொன்றை எழுப்புகின்றன. அச்சுவர் எழுந்தபின் வெளியேற வழியில்லை. பின்னர் நுகம் தன்னைச் சூழ்ந்தவற்றை விழுங்கத் தொடங்குகின்றது. சுவரை எழுப்பியவையும் அதற்கு உணவாகின்றன. உண்டு பருத்த நுகம் மேலும் தடித்த சுவர்களை ஆக்கிக்கொண்டு உறங்குகின்றது. காலம் வாய்த்தபோது சுவரைப் பிளந்துகொண்டு புதிய அமீபாக்கள் பல வெளிவருகின்றன.

இந்நிகழ்ச்சியிலே இனங்காணுதல் இரு முறை நிகழ்கின்றது. முதலாவது, கலப்பதற்கு முன் நிகழ்வது. எல்லா அமீபாக்களும் எப்போதும் கலக்கும் ஆற்றல் உடையன அல்ல. இருளும் ஈரமும் இருக்கும்போதே அவை அவ்வாற்றலைப் பெறுகின்றன. நீரிலே கல்சியம் இருத்தலும் வேண்டும். ஒரு வகையின் அமீபாக்கள் வெளிவிடும் பொருள்கள் மற்றைவகையைத் தூண்டுகின்றன என்பதை 1975 இலும் 1977 இலும் ஓடேயும் லூயிசும் காட்டினர். 1984 இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் அமகாய், மியூக்கரொய்டிஸ் இனத்திலே எதிலீன் என்னும் வாயு பெருஞ்சிறைப்பை ஆக்கத்தைத் தூண்டுகின்றது என்று கண்டார். காய்களைக் கனிவிப்பதும் அவ்வாயுவே. வாழைக்குலையைக் குழியிலிட்டுப் புகையூட்டிப் பழுக்க வைக்கும்போது, புகையிலுள்ள எதிலீனே காயைக் கனிவிக்கின்றது. மரத்துக் கனிக்கும் மண்ணின் அமீபாவுக்கும் ஒரே வாயு காலத்தை அறிவிப்பது எண்ணி வியக்கத்தக்கது.

இரண்டாவது, விழுங்குவதற்கு முன் நிகழ்வது. நுகம் கண்டதை எல்லாம் விழுங்குவதாயின் இனங்காணுதலைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. 1986 இல் லூயிசும் ஓடேயும் நுகத்தின் முன் பலவகைக் கலங்களை வைத்துச் சோதித்து, அது தேர்ந்தே உண்கின்றது என்றும், தன் இனத்து அமீபாக்களையே சிறப்பாக நாடுகின்றது என்றும் காட்டினர். மண்ணிலே தனித்துத் திரியும்போது அமீபா பற்றீரியாவை உண்கின்றது, தன்னினத்தானை உண்பதில்லை. நுகமானபின் தன்னினத்தையே விரும்பி உண்கின்றது. வாயொன்றே; விருப்பம் மாறிவிடுகின்றது. மனித உடலைக் காக்கும் தின்குழியம், தன்னவர் யார் பிறர் யார் எனப் பிரித்தறிந்து, பிறரை உண்டு தன்னவரை விடுகின்றது. நுகமும் தன்னவர் பிறர் என்று பிரித்தறிகின்றது. ஆனால் முடிவை மாற்றிக்கொண்டு தன்னவரையே உண்கின்றது.

இதற்கு மாறான ஒழுக்கமுடைய இனமும் உண்டு. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்துக் குகையொன்றிலே வௌவால் எச்சத்திலிருந்து பெறப்பட்ட டிக்டியோஸ்டீலியம் கவேயாட்டம் என்னும் இனத்தை 1982 இல் வாடெல் விளக்கினார். அது பிற இனச் சளிப்பூஞ்சணங்களின் கூட்டத்துள்ளே புகுந்து, அவற்றின் அமீபாக்களை உண்டு பெருகுகின்றது, தன்னினத்தை விட்டுவிடுகின்றது. ஒரே குலத்து இனங்களுள், ஒன்று அயலாரை உண்டு உறவினரைக் காக்கின்றது. மற்றொன்று கூடற்காலத்திலே உறவினரை உண்டு சந்ததியைக் காக்கின்றது. இரண்டிலும் விழுங்கும் செயல் ஒன்றே. எதனை விழுங்குவது என்பதைத் தீர்மானிப்பது கலத்தின் மேற்பரப்பிலே நிகழும் தொடுகையாகும். தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுத்தபோது, முதலறிவாக வைத்தது உடம்பினால் தொட்டறிவதையே. கண்ணும் செவியும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உயிர் தன்னையும் பிறரையும் தொட்டு அறிந்தது என்பதை இவ்வமீபாக்கள் மெய்ப்பிக்கின்றன.

இந்நிகழ்ச்சியைத் தன்னினம் தின்னல் என்று எழுதினோர் உளர். தாய் பிள்ளைக்காக உடலை ஈவது போன்ற தியாகம் என்று கூறத் தோன்றுவோரும் இருக்கலாம். இரு சொற்களும் மனிதரின் அறத்துக்கு உரியவை. அமீபாவுக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. ஆயினும் வினா ஒன்று நியாயமாகவே எழுகின்றது: தன்னை உண்ணக் காத்திருக்கும் கலத்தினிடம் அமீபா ஏன் செல்கின்றது? அது பின்பற்றுவது பஞ்சகாலத்து அழைப்பை. அவ்வழைப்பைக் கேட்டுச் செல்லாத அமீபா தண்டும் வித்தியும் ஆக்கும் வாய்ப்பை இழந்துவிடும். நன்மை தரும் அழைப்பும் உணவாக்கும் அழைப்பும் ஒரே பொருளாக இருப்பதால், அமீபா ஒன்றைக் கேட்டு மற்றொன்றைக் கேளாதிருத்தல் அரிது. இங்ஙனம் நோக்கும்போது, கொடுமை என்றோ ஈகை என்றோ கூறாமலே நிகழ்ச்சி விளங்கிவிடுகின்றது.

இருபத்தோராம் நூற்றாண்டிலே இவ்வாராய்ச்சி புதிய கருவிகளைப் பெற்றது. 2005 இல் டிஸ்கொய்டியத்தின் பரம்பரைப் பொருள் முழுவதும் வாசிக்கப்பட்டது. ஆறு நிறமூர்த்தங்களும் ஏறத்தாழ 12,500 பரம்பரையலகுகளும் அதிலே உள்ளன. 2010 இல் இங்கிலாந்தின் கேம்பிரிச்சிலே புளூம்பீல்டும் கேயும் அவர்தம் துணைவரும் இணையும் வகையைத் தீர்மானிக்கும் இடத்தை நிறமூர்த்தத்திலே கண்டுபிடித்தனர். வகைகள் இரண்டல்ல, மூன்று. ஒவ்வொன்றும் மற்றைய இரண்டில் எதனோடும் கூடவல்லது. ஒரே இடத்திலே மூவேறு வடிவாக அமைந்த பரம்பரையலகுகளே இவ்வேறுபாட்டை உண்டாக்குகின்றன. ஆணென்றும் பெண்ணென்றும் இரண்டாகவே உலகை வகுத்துப் பழகியவர்க்கு, மூன்று வகையும் ஒரே உருவும் உடைய இவ்வுயிர் புதிய பாடமாகும். 2016 இல் யப்பானிய அறிஞர் ஒக்கமோட்டோவும் அவரது குழுவினரும், கலங்கள் இணைவதற்குத் துணைநிற்கும் ஹாப்-2 என்னும் புரதத்தை ஒத்தவை இவ்வமீபாக்களிலும் தொழிற்படுகின்றன என்று காட்டினர். பூக்கும் தாவரங்களிலும் பச்சைப் பாசிகளிலும் மலேரியாக் கிருமியிலும் பாற்கலங்கள் இணைவதற்கு அப்புரதமே வேண்டப்படுகின்றது. மிகப் பழைய காலத்திலே தோன்றிய கலப்புமுறை ஒன்று பல குலங்களுக்கும் பொதுவாக வந்துள்ளமை இதனால் அறியப்படும்.

ஆராய்ச்சிச்சாலையிலே கூடுகின்றன என்பதால் காட்டிலும் கூடுகின்றன என்று கொள்ளலாகுமா? இவ்வினாவுக்கும் 2010 இல் விடை கிடைத்தது. காட்டிலிருந்து சேகரித்த குலவழிகளின் பரம்பரைப் பொருளை ஒப்பிட்டபோது, தலைமுறைதோறும் அது கலந்து பகுந்துவந்த சுவடுகள் காணப்பட்டன. 2019 இல் மேலும் ஒரு புதுமை அறியப்பட்டது. கூடும்போது இரண்டுக்கு மேற்பட்ட அமீபாக்கள் கலந்துவிடுவதுண்டு. அதனால் மூன்று பெற்றோரிடமிருந்து பரம்பரைப் பொருளைப் பெற்ற சந்ததிகளும் பிறக்கின்றன. கலவாதவை எனப் பெயர் பெற்றவை, பிற உயிர்கள் கலவாத அளவுக்கும் கலப்பனவாக உள்ளன.

குதிரைச் சாணத்திலே பிரெவெல்ட் கண்ட நாள் முதலாக ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கலக்கின்றன என்றார் அவர். கலவா என்றார் வான் டீகெம். சிலபோது கலவாமலும் சிலபோது கலந்தும் வாழ்கின்றன என்றனர் பின்வந்தோர். முந்தியவர் கண்டது பொய்யன்று. அவர்கள் கண்டது ஒரு வேளையும் ஒரு குலமும் மட்டுமே. தன் கருத்தைத் திருத்திக்கொண்ட பிரெவெல்டும், ஒரே குலத்தை உலகெங்கும் பரப்பியபின் முதிய வயதிலே பல குலங்களைச் சேர்த்துப் பார்த்து விடை கண்ட ரேப்பரும், ஆராய்ச்சியாளர்க்கு வேண்டிய பண்பு எது என்பதைத் தம் செயலினாலேயே காட்டிச் சென்றனர். ஓர் உயிரைத் தனியே பிரித்து வைத்து அறியக்கூடியது பலவாகும். அது யாரோடு சேர்கின்றது, யாரோடு கலக்கின்றது, யாரை உண்கின்றது என்பதையோ, அதனை ஒத்த வேறொன்றை அதன் அருகே வைத்த பின்னரே அறியலாகும்.